சனியின் நிலவுக்கு நடந்த காணிக் கச்சேரி

போன மாதம் என் பழைய அலுவலகத்திலிருந்து ஓர் இளம் உத்தியோகத்தர் தொலைபேசியில் அழைத்தார். காணி அளக்க இப்போது சங்கிலி இழுப்பதில்லையாம். கையடக்கக் கருவியை வானத்துக்குக் காட்டினால் அது செய்மதிகளை விசாரித்து, நாம் நிற்கும் இடத்தைச் சொல்லிவிடுமாம். இதையெல்லாம் பெருமையாக விளக்கிவிட்டு, அழைத்த காரியத்துக்கு வந்தார்.

"ஐயா, நீங்க சந்திரனில ஆருக்கோ காணி குடுத்ததாமே. கந்தோரில கதைக்கிறாங்க. மெய்தானா?"

இந்தக் கதை எனக்கு முன்பே ஓய்வுபெற்றிருக்கும் என்று நம்பியிருந்தேன். அது இன்னும் சேவையில் இருக்கிறது. பதவி உயர்வும் பெற்றிருக்கிறது. ஆகவே எழுத்தில் சில திருத்தங்கள் அவசியமாகின்றன. அது சந்திரன் அல்ல; சனிக் கோளைச் சுற்றும் என்செலடஸ் என்ற பனி நிலவு. அங்கே யாருக்கும் காணி கொடுக்கப்படவில்லை. விண்ணப்பம் நிலுவையில் இருக்கிறது. விசாரணை நடத்தியவனும் நானல்ல. மேசையின் ஒரு கால் குட்டை என்பதால் அதன் கீழே என் சப்பாத்தைக் கழற்றி வைத்து முட்டுக்கொடுத்திருந்தவன் மட்டுமே நான்.

நான் குடியேற்ற உத்தியோகத்தர். நிலமில்லாதவர்களை அரச நிலத்தில் குடியமர்த்துவதும், அந்த நிலம் மனிதர் குடியிருக்க உகந்ததா என்று பார்த்துச் சொல்வதும் என் தொழில். பல்கலைக்கழகத்தில் புவியியல் படித்தேன். பனியாறுகள் பற்றிய பாடத்தில் நல்ல புள்ளிகளோடு சித்தி. அந்தத் தகைமையைப் பார்த்து அரசாங்கம் என்னைச் செங்கலடிச் சந்தியில் பஸ்ஸால் இறக்கி, பதுளை வீதி வழியே எருமைகளுக்கு நடுவில் அனுப்பியது. பயிற்சிக் காலம் முழுவதும் ஒரே வெயில், ஒரே சங்கிலி, ஒரே குடை. குடை மேலதிகாரியுடையது.

பிறகு வந்து சேர்ந்த அலுவலகத்தில்தான் தம்பிராசா சேர் இருந்தார்.

பிரதேசத்துக்குப் பொறுப்பான அதிகாரி அவர். சிரித்து யாரும் கண்டதில்லை. கோபித்தும் கண்டதில்லை. மணலில் இறங்கும்போது சப்பாத்தைக் கழற்றி ஒரு பிளாஸ்ரிக் பையில் போட்டு, அந்தப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு நடப்பார். எந்த நிலத்துக்குப் போனாலும் நான்கு விடயங்கள் கேட்பார்: எல்லை, பாதை, தண்ணீர், அயல். இதே வரிசையில்தான். வெயில் தாங்காமல் ஒரு தடவை நான், "சேர், தண்ணீர முதல் கேட்டிட்டு மரத்தடிக்குப் போவமா?" என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் அனுதாபம் இருந்தது.

"தம்பி, எல்லை தெரியாம ஆற்ற தண்ணியக் குடிக்கப் போறீங்க?"

மேற்கே காட்டோரம் ஒரு வளவைப் பார்க்கப் போனோம். வடக்குப் பக்கம் ஒரு தனியன் யானை நின்று பனங்குருத்து தின்றுகொண்டிருந்தது. சங்கிலி பிடித்தவர்கள் சங்கிலியைப் போட்டுவிட்டு ஓடினார்கள். நானும் ஓடுவதற்கு வசதியான பக்கத்தில் நின்றுகொண்டேன். சேர் பையை அணைத்தபடி அசையாமல் நின்றார்.

"வடக்கெல்லை?"

"யானை, சேர்."

"தற்காலிகம் என்று போடுங்க."

அந்த வளவின் வடக்கெல்லை இன்றும் அப்படித்தான் இருக்கிறது.

காணிக் கச்சேரி என்றால் என்னவென்று இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாமலிருக்கலாம். ஒரு பாடசாலை மண்டபத்தில் மேசை போட்டு அதிகாரி இருப்பார். நிலம் கேட்கிறவர்கள் ஊர் பார்க்க எழுந்து நின்று, எந்த நிலம், ஏன் வேண்டும் என்று வாயால் சொல்ல வேண்டும். எதிர்ப்பு உள்ளவர்கள் அங்கேயே எழுந்து எதிர்க்கலாம். பெரும்பாலும் எதிர்ப்பார்கள். தம்பிராசா சேர் இதற்கு மேல் தன்னுடையதாக இரண்டு விதிகள் வைத்திருந்தார். கேட்டு வந்தவர் எவரையும், எதைக் கேட்டாலும், நான்கு கேள்வியும் கேட்காமல் திருப்பி அனுப்பக்கூடாது. கச்சேரியில் ஊர் கேட்க அதிகாரி சொன்ன தீர்ப்பை அந்த அதிகாரியே மாற்றக்கூடாது. இந்த இரண்டும் சட்டத்தில் இல்லை. ஆனால் சட்டத்தில் இருந்ததைவிட உறுதியாக அவரிடம் இருந்தன.

பிறகு கடல் வந்தது. நான் அந்தச் சுனாமி நாளில் பழுகாமத்தில், மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையில், உறவினர் வீட்டில் இருந்தேன். ஆகவே அதைப் பற்றி எழுத எனக்கு உரிமை இல்லை. அதற்குப் பிறகு வந்த சுற்றறிக்கையைப் பற்றி எழுத முழு உரிமை உண்டு. எங்கள் கரையில் கடலிலிருந்து இருநூறு மீற்றருக்குள் வீடு கட்டக் கூடாது என்றது அது. கடல் என்றால் எது என்று சொல்ல மறந்துவிட்டது. கடலை எல்லோருக்கும் தெரியும் என்று கொழும்பில் நினைத்திருப்பார்கள்.

இங்கேதான் யோகேஸ்வரி டீச்சர் வருகிறார்.

விஞ்ஞானம் படிப்பிப்பவர். கடலுக்கும் வாவிக்கும் நடுவே, நீட்டிப் படுத்த ஓலைப்பாய் போல ஒடுங்கிய ஊர் அவருடையது. எங்கள் பக்கத்தில் வீடும் வளவும் பெண்ணுக்கு. கலியாணம் முடிந்தால் ஆண்தான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். அப்படிப் பெட்டியோடு வந்தவர் அவருடைய கணவர் நல்லதம்பி. பஸ் டிப்போவில் நேரக் காப்பாளர். பஸ்கள் நேரத்துக்கு வராத நாட்டில் முப்பது வருடம் அந்த வேலை பார்த்ததாலோ என்னவோ, மனிதர் அதிகம் பேசுவதில்லை.

டீச்சரின் வீட்டைக் கடல் கொண்டுபோய்விட்டது. வளவு மிஞ்சியது. கிழக்கே கடல் இருநூறு மீற்றரைத் தாண்டித்தான் இருந்தது. அந்தப் பக்கத்தில் தடையில்லை. தடை மேற்கே வந்தது. பின்வளவு வாவியைத் தொடுகிறது. கொஞ்சம் தெற்கே ஆற்றுவாய் இருக்கிறது. ஆற்றுவாய் என்பது வாவி கடலில் விழும் இடம். வருடத்தில் பெரும்பகுதி மணல் மேடு அதை அடைத்துக்கொண்டிருக்கும். மாரியில் வெள்ளம் ஏறி வயல்கள் மூழ்கும்போது, படுவான்கரை என்ற மேற்குக் கரையின் விவசாயிகள் வெட்டச் சொல்லிச் சத்தம் போடுவார்கள். வெட்டினால் இறால் ஓடிவிடும் என்று மீனவர்கள் அதைவிடப் பெரிய சத்தம் போடுவார்கள். கடைசியில் வெட்டுவார்கள். சில வாரங்கள் வாவி கடலுக்குள் போகும், கடல் வாவிக்குள் வரும். பிறகு மணல் தன் பாட்டில் வந்து கதவைச் சாத்திவிடும்.

அளக்க வந்தவர்கள் வெட்டியிருந்த நேரம் பார்த்து வந்தார்கள். அவர்கள் வெளியூர். ஒருவர் பின்வளவில் குனிந்து தண்ணீரை விரலில் தொட்டு நாக்கில் வைத்தார்.

"உப்பு," என்றார். கடல் என்று குறித்துக்கொண்டார்கள். டீச்சரின் முழு வளவும் இருநூறு மீற்றருக்குள் விழுந்துவிட்டது.

பதிலுக்கு வாவிக்கு அங்கால், மேற்கே, வேறு காணி தருவதாகச் சொன்னோம். அதில் இரண்டு சிக்கல். ஒன்று, அங்கிருந்து பாடசாலைக்கு வர வள்ளம், நடை, பஸ் என்று மூன்றையும் பிடிக்க வேண்டும். மற்றது பெரியது. அரச காணி குடும்பத் தலைவர் பெயரில்தான் எழுதப்படும். குடும்பத் தலைவர் என்று எங்கள் அலுவலகம் நம்பியது நல்லதம்பியை.

டீச்சர் தகரக் கொட்டிலில் இருந்துகொண்டு ஒரு வருடத்துக்கு மேல் அலுவலகத்துக்கு ஏறி இறங்கினார்.

"சேர், ஆத்துவாய் மூடினா அது குளம், திறந்தா கடலா? என்ட வளவு மாரிக்கு ஒருக்காக் கடற்கரைக்குப் போயிட்டுத் திரும்பி வருதா?"

"சுற்றறிக்கையில விளக்கம் இல்ல டீச்சர்."

"நீங்க விளக்கம் சொல்லுங்களன்."

"அதில இல்லாதத நான் சொல்ல ஏலாது."

"சேர், இது என்ட அம்மாட சீதன வளவு. அம்மாக்கு அவட அம்மா குடுத்தது. நான் என்ட மகளுக்குக் குடுக்க வேணும். அங்கால போனா அவக்கு என்னத்தக் குடுக்கிற? இவர்ர பேரையா?"

நல்லதம்பி பக்கத்தில் நின்று கடிகாரத்தைப் பார்த்தார்.

இப்படியிருக்கும்போதுதான் மாற்றுக் காணிகளுக்கான கச்சேரி வந்தது. நடந்த இடம் டீச்சர் படிப்பிக்கும் பாடசாலையின் மண்டபம். தகரக் கொட்டில்காரர், மீனவர், வயல் செய்யும் கமக்காரர் என்று மண்டபம் நிறைந்து ஜன்னலிலும் தொங்கினார்கள். சேரின் கதிரைக்குப் பின்னால் சுவரில் மாணவர் வரைந்த ஒரு பெரிய படம். வளையம் போட்ட சனி. பக்கத்தில் வெள்ளை உருண்டை. அதன் அடியிலிருந்து பூவாணம் போலத் தண்ணீர் பீச்சியடிக்கிறது. அந்த நாட்களில் சனியைச் சுற்றிக்கொண்டிருந்த விண்கலம் ஒன்று இதைக் கண்டுபிடித்துப் பத்திரிகைகளில் வந்திருந்தது. டீச்சர் வகுப்பில் படிப்பித்திருக்கிறார்.

அவருடைய முறை வந்தது. சேர் நிமிராமல் கேட்டார்.

"எந்தக் காணி கேக்கிறீங்க?"

"உங்களுக்குப் பின்னால இருக்கிறது."

சேர் திரும்பிப் பார்த்தார். "மண்டபச் சுவரா?"

"இல்ல சேர். படத்தில இருக்கிற வெள்ள உருண்டை. சனிட நிலவு. மேற்கால உள்ள காணிய இவர்ர பேரில எழுதி இவருக்கே குடுங்க. இவர் போய் இருக்கட்டும். எனக்கு அது போதும்."

மண்டபம் சிரித்தது. ஜன்னலில் தொங்கிய ஒருவர் சிரித்ததில் விழுந்தே போனார். சேர் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தார். பிறகு பேனா மூடியைக் கழற்றினார். கேட்டவரை நான்கு கேள்வியும் கேட்காமல் அனுப்பக்கூடாது.

"எல்லை. வடக்கே?"

டீச்சர் இதை எதிர்பார்க்கவில்லை. ஆனால் கேள்வி கேட்டால் பதில் சொல்லும் பழக்கம் ஆசிரியர்களுக்கு ரத்தத்தில் ஊறியது.

"உருண்டை சேர். வடக்கால போனாத் தெற்கால வரலாம்."

"நாலு பக்கமும் அதே காணிதான் எல்லை," என்று சொல்லிக்கொண்டே சேர் எழுதினார். "எல்லைச் சண்டை வராது. நல்லம். விஸ்தீரணம்?"

"குறுக்கால ஐந்நூறு கிலோமீற்றர் வரும். நம்மட நாட்ட மேல வச்சா, வடக்கால பருத்தித்துறையும் தெற்கால தெய்வேந்திரமுனையும் வெளிய தெரியாது."

"இயற்கை நிலமா, நிரப்பின நிலமா?"

"சனி உண்டான காலத்தில சுத்திக் கிடந்த பனியும் தூசியும் கல்லும் ஒண்டோடொண்டு முட்டிச் சேர்ந்து உருண்டது என்று சொல்றாங்க."

சேர் யோசித்தார். "ஆரும் கொண்டுவந்து கொட்டேல்லத்தானே?"

"இல்ல சேர்."

"இயற்கை." (இன்று அதன் தோற்றம் பற்றி வேறு கருத்துகளும் உண்டு என்று வாசிக்கிறேன். யார் கொட்டியது என்று இன்னும் யாரும் சொல்லவில்லை. ஆகவே சேர் சொன்னது நிற்கிறது.)

"பாதை. எவ்வளவு தூரம்?"

"கிட்ட வார நேரத்தில நூற்றிருபது கோடி கிலோமீற்றர். வெளிச்சம் வரவே ஒரு மணித்தியாலத்துக்கு மேல."

"இந்த மண்டபத்தில இருந்தா, மட்டக்களப்புக் கச்சேரிக் கந்தோரில இருந்தா?"

"ரெண்டுக்கும் பெரிய வித்தியாசம் வராது சேர்."

"பஸ்?"

"விண்கலம் போய்ச்சேர ஏழு வருசம் எடுத்தது."

சேர் முதல் தடவையாக நல்லதம்பி பக்கம் திரும்பினார். "நீங்க டிப்போ ஆள். பஸ் விடலாமா?"

நல்லதம்பி எழுந்து நின்றார். "முதல்ல றோட்டு வரட்டும் சேர்," என்றுவிட்டு உட்கார்ந்தார். முப்பது வருடமாகக் கிராமங்களுக்குச் சொல்லிவந்த பதில் அது.

"பாதை இல்லை," என்று எழுதினார் சேர். "அது பெரிய குறை இல்ல. படுவான்கரையில இப்படி எத்தின ஊர் இருக்கு."

படுவான்கரைக்காரர்கள் கைதட்டினார்கள்.

"குளிரா, சூடா?"

"மேல நல்ல குளிர் சேர். சைபருக்குக் கீழ இருநூறு பாகை மட்டில."

"தகரக் கூரை போடலாமா?"

"போடலாம். கொதிக்காது."

கொட்டில்காரர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். "அப்ப எங்களுக்கும் அங்கதான் எழுதுங்க சேர்!" என்றது ஒரு குரல். "இரிங்ககா, டீச்சர் முதல் போய்ப் பாத்திட்டு வரட்டும்," என்றது இன்னொன்று.

"தண்ணீர்?" என்றார் சேர்.

டீச்சருக்கு இப்போது உற்சாகம் வந்துவிட்டது. சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு படத்தினருகே போனார்.

"அதுதான் சேர் விசேசம். சனி பெரிய ஆள். இந்தச் சின்னன இழுத்து இழுத்து விடும். ரொட்டி மாவப் பிசைஞ்ச மாதிரி. பிசையப் பிசைய உள்ள சூடாகுது. மேல பனிக்கட்டி, கீழ உருகின தண்ணி. கடல் மாதிரியே இருக்கலாம் என்று நினைக்கிறாங்க. தண்ணி, சூடு, மறுகா உயிருக்கு வேண்டிய சில சாமான், எல்லாம் ஓரிடத்தில. மனிசருக்குச் சரிவராது. கிருமி மாதிரிச் சின்ன உயிர் இருக்கச் சரிவரலாம்."

ஆனால் சேர் 'கடல்' என்ற சொல்லோடு நின்றுவிட்டார். பேனாவை மேசையில் வைத்தார். ஆடும் கால் ஆடியது. நான் சப்பாத்தை இறுக்கினேன்.

"கடலா? காணியில இருந்து எவ்வளவு தூரம்?"

"கீழ சேர். எத்தின கிலோமீற்றர் ஆழம் என்று சரியாத் தெரியா."

"தூரம் படுக்கையாத்தான் அளக்கிற. கீழ்நோக்கி அளக்க விதி இல்ல. படுக்கையா அளந்தா எவ்வளவு?"

டீச்சர் திகைத்தார். "படுக்கையா... ஒண்டுமில்ல. காணி முழுக்கக் கடலுக்கு மேலதான் நிக்குது."

"அப்ப இருநூறு மீற்றருக்குள்ள. தர ஏலாது."

மண்டபம் "ஓ!" என்றது. மாற்றுக் காணி கேட்டு வந்தவர்கள் எல்லோரும் ஒரு நிமிடம் தங்களுடைய காணியை மறந்து, நூற்றிருபது கோடி கிலோமீற்றருக்கு அப்பால் இருந்த காணிக்காகக் கோபப்பட்டார்கள். ஒரு மீனவர் எழுந்தார்.

"சேர், மூடி போட்டிருக்கிற தண்ணிய எப்படிக் கடல் என்கிற? கடலுக்கு மூடி ஆர் போட்டது?"

சேர் அவரைப் பார்த்தார். எதிர்ப்பு வந்தால் பரிசீலிக்க வேண்டும். கண்ணை மூடினார். அவர் கண்ணை மூடினால் மண்டபத்தில் கொசுவும் பறக்காது.

"டீச்சர், அந்த மூடி முழு மூடியா?"

"தெற்குத் துருவத்தில வெடிப்பு இருக்கு சேர். நாலு பெரிய வெடிப்பு. அதாலதான் இப்படிப் பீச்சுது."

"எப்பவுமா, இடைக்கிடையா?"

"பாத்த நேரம் பீச்சினது. எப்பவும் ஒரே மாதிரியா என்று இன்னும் தெரியா."

"உப்பா?"

"அதுவும் தெரியா. இன்னும் கண்டுபிடிக்கேல்ல."

சேர் மெதுவாக எழுந்து நின்றார். தீர்ப்பை நின்றுகொண்டுதான் சொல்வார். எழுத்துத் தமிழில்தான் சொல்வார்.

"பெரும்பாலும் அடைபட்டிருந்து, இடைக்கிடை மாத்திரம் திறந்து வெளியேறும் நீர், உப்பாயினும் உப்பில்லாவிடினும், கடல் அல்ல. அது ஒழுக்கு. ஒழுக்கிலிருந்து இருநூறு மீற்றர் பார்க்க வேண்டியதில்லை." பிறகு சாதாரணக் குரலில், "தண்ணீர் உண்டு என்று போடுங்க தம்பி," என்றார்.

ஊர் கைதட்டியது. டீச்சரும் சிரித்தார். நிலவு வென்றுவிட்டது. தனக்குத் தகரக் கொட்டில்தான் என்பது அந்தச் சிரிப்பின் அடியில் கிடந்தது.

அப்போதுதான் நல்லதம்பி இரண்டாம் தடவையாக எழுந்தார். டிப்போவில் வரக்கூடிய பஸ்ஸையும் வராத பஸ்ஸையும் ஒரே குரலில் அறிவிப்பவர். அதே குரலில் கேட்டார்.

"சேர், அப்ப எங்கட பின்வளவில இருக்கிறதும் ஒழுக்குத்தானே?"

யாருக்கும் உடனே விளங்கவில்லை. டீச்சருக்கே விளங்கவில்லை; அவர் கணவரைப் பார்த்த பார்வையிலிருந்து எனக்கு அது தெரிந்தது. பிறகு மீனவருக்கு விளங்கியது. "ஆத்துவாய்!" என்று கத்தினார். "வருசம் முழுக்க அடைச்சுக் கிடக்கு, இடைக்கிடை திறக்கிற! ஒழுக்கு! சேரே சொல்லிட்டார்!"

அதுவரை ஆற்றுவாயை வெட்டுவதா விடுவதா என்று பரம்பரையாகச் சண்டை பிடித்த கமக்காரரும் மீனவரும் ஒரே குரலில் "ஒழுக்கு! ஒழுக்கு!" என்று கத்தியதை என் சேவைக் காலத்தில் அன்று மட்டுமே கேட்டேன்.

சேர் கையை உயர்த்தினார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. ஆனால் சப்பாத்துப் பையை அவர் கை தேடியதை நான் பார்த்தேன்.

"நான் சொன்னது சனிக்கு," என்றார்.

"சனிக்கு ஒரு விதி, மட்டக்களப்புக்கு ஒரு விதியா சேர்?" என்றார் டீச்சர். விளையாட்டு முடிந்துவிட்டது.

கச்சேரியில் சொன்ன தீர்ப்பைச் சொன்னவரே மாற்றக்கூடாது. சேர் நல்லதம்பியைக் கேட்டார்.

"நீங்கதானே குடும்பத் தலைவர். மேற்கால உள்ள காணி உங்களுக்கு வேணாமா?"

"வளவு அவட, சேர். நான் பெட்டியோட வந்தனான்," என்றார் நல்லதம்பி. "பெட்டியையும் கடல் கொண்டுபோயிட்டு."

சேர் கதிரையில் உட்கார்ந்தார். பேனாவை எடுத்தார்.

"டீச்சரின் வளவு கடலிலிருந்து இருநூறு மீற்றருக்கு அப்பால். வீடு கட்டத் தடையில்லை. தம்பி, எழுதுங்க."

டீச்சர் அழுதார். ஊர் எழும்பிப் போகத் தொடங்கியது. சேர் மேசையில் தட்டினார்.

"இரிங்க, இரிங்க. டீச்சர்ட மற்ற விண்ணப்பம் முடியேல்ல. நாலாவது கேள்வி கிடக்கு. அயல்?"

டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அயலா சேர்?" என்றார்.

"அங்க ஏற்கெனவே ஆராவது இருக்காங்களா?"

"தெரியா சேர். இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாத கிருமிதான் இருக்கும்."

"கண்ணுக்குத் தெரியாட்டியும் முதல் இருந்தவங்களுக்குத்தான் முன்னுரிமை. இருக்கிறவங்களக் கிளப்பிப்போட்டு ஆரையும் குடியேத்த ஏலாது. இந்த மாவட்டத்தில அப்படிச் செய்தது போதும்." என்னிடம் திரும்பினார். "நேரில போய்ப் பாத்துத்தான் முடிவு. எப்ப போகலாம்?"

"ஜீப்புக்கு டீசல் இல்ல சேர்."

"நிலுவை," என்றார்.

டீச்சர் வீடு கட்டினார். அந்த வருடம் மாரியில் ஆற்றுவாய் வெட்டினார்கள். வாவி முழுவதும் இரைச்சலோடு கடலுக்குள் பாய்வதைப் பார்க்க நானும் போயிருந்தேன். நல்லதம்பி பின்வளவில் கதிரை போட்டு இருந்தார். கரை இடிந்து விழுந்தது, தென்னை ஒன்று சாய்ந்து மிதந்து போனது. "ஒழுக்குக் கொஞ்சம் கூடத்தான்," என்றார்.

பிறகு யுத்தம் வாவியைத் தாண்டி வந்தது. மேற்கே, நாங்கள் டீச்சருக்குக் கொடுக்க இருந்த அதே பக்கத்திலிருந்து, சனம் சட்டி பானையோடு வள்ளத்தில் இக்கரைக்கு வந்தது. டீச்சரின் வளவில் மாத்திரம் எத்தனை குடும்பங்கள் கூடாரம் அடித்தன என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். அந்த வளவு அனுமதியில்லாத வளவாக இருந்திருந்தால் அங்கே ஒரு கம்பும் நட்டிருக்க முடியாது. தம்பிராசா சேர் அந்தக் காலத்தில் ஓய்வுபெற்று, குருக்கள்மடம் என்ற ஊரில் மகளோடு போய் இருந்தார். அவர் இருந்த வளவுக்கு நான்கு எல்லை, நல்ல பாதை, கிணறு. அயல் பற்றி அவர் முறைப்பாடு எதுவும் சொன்னதில்லை.

யுத்தம் முடிந்து சில வாரங்கள் இருக்கும். ஒரு காலையில் அலுவலகத்துக்கு அவரிடமிருந்து அழைப்பு வந்தது. நாடு முழுவதும் வேறு செய்தி படித்துக்கொண்டிருந்த நேரம்.

"தம்பி, பேப்பர் பாத்தீங்களா? அந்த நிலவில உப்பாம். பீச்சின பனித் துகளில உப்பு இருந்ததாம். கீழ மெய்யாவே கடல்தான் என்று எழுதியிருக்கு."

"பாத்தன் சேர்."

"நாளைக்கு ஆராவது இதக் கொண்டுவந்து, சனியில இருக்கிறது கடல் என்றா ஆத்துவாயும் கடல் என்று சொன்னா? டீச்சர்ட வீடு?" இரவு முழுவதும் தூங்கவில்லை என்பது குரலில் தெரிந்தது. "நான் உப்பப் பற்றி ஏதும் சொன்னனா?"

"சொன்னீங்க சேர். உப்பாயினும் உப்பில்லாவிடினும் என்றீங்க."

மறுமுனையில் பெருமூச்சு.

"சொன்னனா?"

"ஊர் முழுக்கக் கேட்டது சேர். வீட்ட ஆரும் தொட ஏலாது. இப்ப அதில டீச்சர்ட குடும்பமும், அங்காலப் பக்கத்து ரெண்டு குடும்பமும் இருக்கு. அவங்களுக்குத் திரும்பிப்போக இன்னும் வீடில்ல."

"இருக்கட்டும், இருக்கட்டும்." பின்னால் ஒரு சேவல் கூவியது. "தம்பி, இனிக் கனபேர் திரும்பிப் போவாங்க. புதுசா ஆக்களும் வருவாங்க. நீங்க காணி காணியாப் போகவேண்டி வரும் என்ன?"

"ஓம் சேர். எல்லை, பாதை, தண்ணீர், அயல்."

"இல்ல," என்றார்.

நான் தொலைபேசியை மற்றக் காதுக்கு மாற்றினேன். சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்தேன்.

"நான் வரிசையப் பிழையா வச்சிட்டன் போல கிடக்கு. அயல முதல் கேளுங்க. ஆர் இருந்தது, எங்க போயிருக்காங்க, திரும்பி வருவாங்களா என்று. மற்ற மூண்டும் பொறகு கேக்கலாம்."

"சரி சேர்."

"அந்த நிலவுக்கும் அப்படித்தான்."

அந்த வருடம் முழுவதும் நான் காணி காணியாக அப்படித்தான் கேட்டேன். முதல் கேள்வியிலேயே பல நாட்கள் பொழுது போய்விட்டது.

இளம் உத்தியோகத்தரிடம் இவ்வளவையும் தொலைபேசியில் சொல்லி முடித்தேன். வானத்தைக் கேட்கும் கருவி அயலையும் சொல்லுமா என்று விசாரித்தேன். சொல்லாதாம். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, அயலை முதலில் கேட்கச் சொல்லி எந்தச் சுற்றறிக்கையில் வந்தது என்று கேட்டார்.

இன்னும் வரவில்லை என்றேன். அதுவும் நிலுவையில்தான் இருக்கிறது.